ஆற்றைக் கடந்து தாக்கினால் பாதி

பெட்டியோடு வந்த ஆறு எப்போதும் நீலம்.
ஹாஜா மைதீனின் மச்சான் சிங்கப்பூரிலிருந்து அனுப்பியது.
விதிப்புத்தகம், பதினான்காம் பக்கம், ஒரே வரி:
ஆற்றைக் கடந்து தாக்கினால் தாக்கு பலம் பாதி.

எந்த மாசத்துல, என்று கேட்டார் வீரசேகரன்.
அவர் மூணாறு தலைப்பில் லஸ்கர்.
வெண்ணாறு மூன்றாகப் பிரியும் இடத்தில்
ஷட்டர் ஏற்றி இறக்குகிற வேலை.
பங்குனியில் கோரையாற்றைக்
குளம்பு நனையாமல் கடக்கிறது ஆட்டுக்கிடை.
அதுக்குமா பாதி?

அன்று வாங்கியது அந்த நாற்பது பக்க நோட்டு.

நீடாமங்கலம், செபஸ்தியம்மாள் டீச்சர் வீட்டு மாடி.
பனி பெய்த அந்த ஊரைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டு
எட்டுத் தாள் ஒட்டி எங்கள் ஊரை
அறுகோணம் அறுகோணமாய் வரைந்தோம்.
படைகள், பழைய கல்யாணப் பத்திரிகையில் வெட்டியவை.
என் காலாட்படை ஒன்றைத் திருப்பினால்
'தங்கள் நல்வரவை' என்றிருக்கும்.

விதி ஒன்று. மாதத்தைப் பகடை சொல்லும்.
இரண்டு பகடையின் கூட்டுத்தொகை; ஏழு அதிகம் விழும்,
ஏழாவது மாதம் ஐப்பசி, ஆகவே
மழையும் அதிகம் விழும்.
ஒன்று விழ வழியில்லை, சித்திரை வராது.
சித்திரையில் சண்டை வேண்டாம், திருவிழா இருக்கிறது
என்று விட்டுவிட்டோம்.

விதி இரண்டு. மாசி முதல் வைகாசி வரை ஆறு மணல். பாதி கிடையாது.
மணல் அள்ளிய கட்டமென்றால்
எந்த மாதத்திலும் முக்கால் பலம் போகும்.
பள்ளம் எங்கே என்று டீச்சருக்கு மட்டும் தெரியும்.

விதி மூன்று. ரயில்வே கேட் மூடியிருந்தால்
டாங்கிகள் ஒரு சுற்று நிற்கும்.
இது ஆறில்லையே என்றேன்.
மூன்றுக்கு ஒன்று. நிறைவேறியது.

நான்கு, ஆகாயத்தாமரை. அதில் தகராறில்லை.

ஐந்தில்தான் சண்டை.
தலைப்பைப் பிடித்தவர் ஷட்டரைத் தூக்கலாம்;
ஆற்றுக்குள் நிற்கும் எதிரிப்படை மொத்தமும் போகும்.
ஹாஜா எழுதியது. கையெழுத்தும் அழகு.

வைகாசி விழுந்த ஒரு சனிக்கிழமை
என் இரண்டு பட்டாலியன் மணலில் இறங்கி நிற்க
தலைப்பு வீரசேகரன் கையில்.
தூக்கினால் ஆட்டம் முடிந்தது.
அவர் தூக்கவில்லை.
"சங்கு ஊதணும்" என்றார்.
"ஊதி, ஆள் ஏறிட்டாங்களான்னு பாத்துட்டுத்தான்."

போரில் எவன்யா சங்கு ஊதுவான் என்று
ஹாஜா எழுந்தே நின்றுவிட்டான்.

"சண்டை ஒங்களோடது. ஷட்டர் என்னோடது."

உள்ளங்கை குவித்து ஊதினார், கூச்சமேயில்லாமல்.
கீழ்வீட்டு நாய் பதில் சொன்னது.
நான் கரையேறினேன்.
அடுத்த சுற்றில் பாலத்தைப் பிடித்தேன். அவர் தோற்றார்.
அப்புறமும், தலைப்பு கிடைத்த ஆட்டமெல்லாம்
ஊதி ஊதியே தோற்றார்.

ஐந்து, உட்பிரிவு அ: திறக்குமுன் ஒரு சுற்று சங்கு.
டீச்சர் எழுதினார், அடித்தார்,
ஓரத்தில் மறுபடி எழுதினார்.

இந்த ஆனியில், மேட்டூர் திறந்து ஆறாம் நாள்,
ஆட்டத்தின் நடுவில் அவர் போன் அடித்தது.
செக்‌ஷன் ஆபீஸ்.
சட்டைப் பித்தான் போட்டுக்கொண்டே படியிறங்கினார்.
அவர் முறை பாதியில் நின்றது.

பகடையில் இரண்டு ஆறு.
ஆகவே பங்குனி.
ஆகவே பாமணியாறு காய்ந்திருந்தது,
என் படை அதன் நடுவில்
விதி இரண்டின்படி பத்திரமாக.

பதினொன்றே காலுக்கு
மேற்கிலிருந்து வந்தது, நிஜச் சங்கு.
நீளமாக ஒன்று. கொஞ்சம் விட்டு இன்னொன்று.

டீச்சர் நோட்டை மூடவில்லை, திறக்கவுமில்லை.
ஹாஜா டீ டம்ளரைத் தள்ளி வைத்தான்.

'தங்கள் நல்வரவை'யையும் இன்னொன்றையும் எடுத்துக்
கரைக்கட்டத்தில் வைத்தேன்.

யாரும் தடுக்கவில்லை.
அது என் முறையே இல்லை.